பாலம் தூக்கியிருந்த நேரம்

மில்வாக்கிக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தவர் லெனார்ட் கபின்ஸ்கி. அதே கம்பெனியில் நான் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். கூட்டம் அதிகமுள்ள நாட்களில் ஆட்களை ஏற்றி இறக்க நானும் கூடவே போவேன்.

மைக் கைக்கு வந்துவிட்டால் அவரை நிறுத்த முடியாது. "வலது பக்கம் மிச்சிகன் ஏரி. கடல்னு நினைச்சு உப்பு தேடாதீங்க. இடது பக்கம் எங்க தாத்தா வேலை பாத்த பீர் ஃபேக்டரி. மனுஷன் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் நிதானமா இருப்பார், அன்னிக்கு ஃபேக்டரி லீவு." பஸ் சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார். கண் நடைபாதையில் இருக்கும்.

அவருக்கு ஒரே மகள், ரெனாட்டா. முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருந்தவள். குளியல் தொட்டியில் வழுக்கிய ஒரு கிழவரைத் தாங்கிப் பிடித்ததில் இடுப்பு போயிற்று. வலிக்குக் கொடுத்த மாத்திரை அவளை விடவில்லை. மாத்திரை கிடைக்காமல் போனதும் தெருவில் விற்கும் போதை மருந்துக்குப் போனாள். அம்மாவின் சாவுக்கு வந்தவள், அம்மாவின் மோதிரத்தோடு போனாள். அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை.

கம்பெனி கொடுத்த பாதையில் ஆறாம் தெரு மேம்பாலத்தின் அடிப்பக்கம் இல்லை. லெனார்ட் அதன் வழியாகத்தான் போவார். அங்கே கூடாரம் போட்டுப் படுத்திருப்பவர்களைப் பார்க்கும்போது வண்டி மெதுவாகும், மைக் பேசாது. பயணிகளுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும், நான் யாரிடமும் சொல்லவில்லை.

அது அக்டோபர் மாதம், ஒரு சனிக்கிழமை. ஏரிக்கரையில் கலைக் கூடத்தின் முன்னால் நிறுத்தியிருந்தோம். அதன் கூரையில் பறவை இறக்கை மாதிரி இரண்டு பெரிய சிறகுகள் உண்டு. நடுப்பகலில் அவை மூடித் திறக்கும். எல்லோரும் அண்ணாந்து போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். லெனார்ட் மட்டும் கரை ஓரத்து பெஞ்சைப் பார்த்தபடி நடந்தார். போர்வை சுற்றிய ஒருத்தி அங்கே உட்கார்ந்திருந்தாள். என்னால் அடையாளம் காண முடியவில்லை. அவரால் முடிந்தது.

"ரெனி."

அவள் நிமிர்ந்தாள். "என்னப்பா, கூட்டத்தோட வந்திருக்க?"

"வண்டியில ஏறும்மா. குளுருது."

"என்கிட்ட டிக்கெட் இல்லையே."

"டோரீன் கேக்க மாட்டா."

நான் எப்படிக் கேட்பேன். அவள் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தாள். முன் சீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு இடம் மாறினாள். லெனார்ட் வண்டியை எடுத்தார். அவர் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்க்க என்னால் தாங்க முடியவில்லை.

மைக்கை எடுத்தவர் அன்றைக்கு ஜோக் சொல்லவில்லை. "இந்தப் படகுத்துறையிலதான் என் பொண்ணு முதல் மீனைப் பிடிச்சா. பிடிச்ச கையோட அதுக்கு ஒரு பேர் வெச்சுட்டா. அப்புறம் யாரும் அதைச் சாப்பிடக் கூடாதுன்னு ஒரே அழுகை." பயணிகள் புன்னகைத்தார்கள். "அதோ அந்த ஐஸ்கிரீம் கடைக்கு அவளை..."

"நிறுத்துப்பா." பின்னாலிருந்து குரல் வந்தது. "அவங்க ஊர் பாக்க வந்திருக்காங்க. என்னைப் பாக்க வரலை."

எல்லாத் தலைகளும் திரும்பின. மைக் அணைந்தது.

ஆற்றுப் பாலத்துக்கு வந்தபோது மணி அடித்து, தடுப்புக் கட்டை இறங்கியது. பாய்மரப் படகு ஒன்று ஏரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. பாலம் நடுவில் பிளந்து மேலே எழும்ப, பயணிகள் ஜன்னலுக்குத் தாவினார்கள். இப்படி ஒரு காட்சி கிடைத்ததில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ரெனாட்டா எழுந்து முன்னால் வந்தாள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"கதவைத் திற."

"வீட்டுக்குப் போலாம்மா. சூப் இருக்கு. உன் ரூம் அப்படியே இருக்கு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

"நாளைக்கு இல்லப்பா. எனக்கு இப்ப வேணும். உனக்குப் புரியாது."

"சொன்னா புரிஞ்சுக்கறேன்."

"திறக்கறியா, இவங்க முன்னாடி கத்தட்டுமா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் கதவுப் பொத்தானை அழுத்தினார். படியில் இறங்கியவள் ஒரு நொடி நின்று, "தொப்பி போட்டுக்கப்பா, தலை குளுரும்" என்றாள். வந்த வழியே நடந்துபோனாள்.

லெனார்ட் சீட் பெல்ட்டை அவிழ்த்தார். அதற்குள் பாலம் இறங்கிவிட்டது. பின்னாலிருந்த கார்கள் ஹாரன் அடித்தன. வண்டி நிறைய ஆட்கள். அவர் பெல்ட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தார்.

ஜனவரியில், கடுங்குளிர் நாட்கள் முடிந்தபின், ஆற்றோரத்தில் பாழடைந்து கிடந்த ஒரு கிடங்கில் அவளைக் கண்டெடுத்தார்கள். அடையாளம் சொல்ல அவரோடு நான் போனேன். அவர் அழவில்லை. துணியை விலக்கியபோது, "ஆமா, என் பொண்ணுதான்" என்றார், யாரோ மறுத்துப் பேசியது மாதிரி.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும் இருந்த தட்டை அவர் தொடவில்லை.

"போலீஸ் அவளைப் பிடிச்சு வெச்சிருந்தா பொழைச்சிருப்பா, இல்லையா டோரீன்?"

"தெரியலை, லென்."

"நான் பூட்டி வெச்சிருந்தாலும்தான். அவ கத்தியிருப்பா. கத்தினா என்ன?"

பக்கத்தில் யாரோ காபி ஊற்றிவிட்டுப் போனார்கள்.

சுற்றுலா பஸ்ஸுக்கு அவர் திரும்பவில்லை. இப்போது விமான நிலையத்துக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் இடையே ஓடும் சின்ன வண்டியை ஓட்டுகிறார். அதில் மைக் கிடையாது. போன மாதம் என் தங்கையை வழியனுப்பப் போனபோது அதில் ஏறினேன். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இறங்கும்போது, "பெட்டியை மறந்துடாதீங்க" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்.