காலியாக வந்த பெயர்

காலையில் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. எக்ஸ்எம்எல் கோப்பில் வாடிக்கையாளர் பெயர் இருக்கிறது. என் ஜாவா ஆப்ஜெக்டில் அந்தப் பெயருக்கான ஃபீல்டு மட்டும் காலி. எர்ரர் என்றும் எதுவும் வரவில்லை.

டீம் லீட் போனில் சிரித்தார். "கோப்புல ஒரு பேரு, நீங்க வெச்சது வேற பேரு. ரெண்டும் ஒண்ணுதான்னு ஃபீல்டு மேல அனோட்டேஷன் போட்டீங்களா?"

போடவில்லை. அந்த ஒரு வரிக் குறிப்பை எழுதியதும் பெயர் வந்து உட்கார்ந்துகொண்டது.

மதியம் பாப்பாவைக் கூட்டி வர அங்கன்வாடிக்குப் போனேன். இந்த வாரம்தான் சேர்த்திருக்கிறோம்.

டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஏனுங்க, யாழினின்னு எத்தன தடவ கூப்ட்டாலும் பாப்பா திரும்பறதே இல்லீங்க. எதுக்கும் டாக்டர்கிட்ட காது காட்டிருங்க."

அங்கேயே நின்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். நாளைக்கே மலையிலிருந்து சேந்தமங்கலம் இறங்கி டாக்டரைப் பார்த்துவிடலாம் என்றேன்.

"நம்ம ஊட்டுல யாரு அவள யாழினின்னு கூப்புடறோம்?" என்றார்.

போனை வைத்துவிட்டு, விளையாடிக்கொண்டிருந்தவளின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, மெதுவாக "சாமி" என்றேன்.

சட்டென்று திரும்பினாள். கூடவே இன்னும் நாலு பிள்ளைகளும் திரும்பின.

"அட, எல்லா ஊட்டுலயும் இதே கதைதானுங்களா!" என்றார் டீச்சர்.

சாயங்காலத்திலிருந்து "யாழினி சாமி" என்று சேர்த்தே கூப்பிடுகிறேன். மாமியார்தான், "என்ற சாமிக்கு எதுக்கு கண்ணு ரெண்டு பேரு?" என்கிறார்.

ஜாவா கோடில் ஃபீல்டுக்கு மேலே ஒரு வரி போதும். மாமியாருக்கு அதை எங்கே எழுதுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.