சிக்கெடுத்த மதினி

முனவ்வறா மதினியைப் பற்றிச் சொல்ல வந்தால் என் தலைமுடியிலிருந்துதான் தொடங்கவேண்டும். அவர் என் கணவரின் மூத்த சகோதரி. எனக்கும் அவருக்கும் உள்ள சொந்தம் என் நிக்காஹ்வோடு வந்தது என்றுதான் ஊர் நினைக்கிறது. அது இரண்டு நாள் முந்தியே வந்துவிட்டது.

என் முடி சுருட்டை. சுருட்டை என்றதும் நெற்றியில் அழகாக இரண்டு வளையம் விழுகிற முடியை நினைக்கவேண்டாம். என்னுடையது வேரிலிருந்து நுனிவரை கம்பிச்சுருள். நனைந்தால் இடுப்புவரை இறங்கும், காய்ந்தால் தோளுக்கு ஏறிவிடும். கல்முனைக்குடியில் எங்கள் வீட்டு ஒழுங்கையில் விளையாடுகிற பிள்ளைகள் என்னைக் குருவிக்கூடு என்றுதான் கூப்பிட்டார்கள். நேர்முடிக்காரர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு, சுருட்டை முடி என்றால் சரியாக வாராத முடி என்று. என் உம்மா நேர்முடிக்காரி. என் தலையைச் சொல்வழி கேளாத பிள்ளையாகவே நடத்தினார். காய்ந்த முடியில், உச்சியில் சீப்பை வைத்து, கீழே வரும்வரை விடாமல் இழுப்பார். முடி முறிந்தது, தலைத்தோல் புண்ணானது, பொடுகு தோளெல்லாம் கொட்டியது. நான் சொறிந்து சொறிந்து காலையில் நகத்துக்குள் இரத்தத்தோடு எழும்புவேன்.

1954இல் மருதமுனை மீராமுகைதீனுக்கு என்னைப் பேசி முடித்தார்கள். எங்கள் கிழக்கிலங்கைப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். ஆகவே மாமியாரோடு ஒரே அடுப்பில் நிற்கிற பயம் எனக்கு இல்லை. ஆனால் கலியாணத்தன்று காலையில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து மணப்பெண்ணுக்குத் தலைவாரிப் பூ வைப்பார்கள். முக்காட்டை எடுத்துவிட்டு அவ்வளவு பேருக்கும் நடுவில் உட்காரவேண்டும். அதுவரை அந்த வீட்டில் ஒருவரும் என் முடியைக் கண்டதில்லை.

என் மாமி, மாப்பிள்ளையின் உம்மா, வாய்க்குப் பேர்போனவர். முன்பொரு கலியாண வீட்டில் மணப்பெண்ணின் மெலிந்த பின்னலைப் பார்த்து, "இதென்ன, சுருட்டா?" என்று கேட்டாராம். அந்தப் பெண்ணுக்கு நாலு பிள்ளைகள் பிறந்த பிறகும் ஊரில் சுருட்டு என்றுதான் பெயர். எனக்கு என்ன பெயர் வைப்பாரோ என்று நினைத்து உம்மாவுக்குத் தூக்கம் போயிற்று.

அப்போதுதான் பாண்டிருப்புத் தங்கேஸ்வரி ஆமணக்கெண்ணெய் கொண்டுவந்தார். தானே விதையை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதக்கிறதை அள்ளி எடுத்து வீடுவீடாக விற்கிறவர். தேனைப்போல இழுபட்டு ஒழுகுகிற எண்ணெய். போத்தலைக் கொடுக்கும்போதே சொல்லித்தான் கொடுத்தார்.

"இதத் தனியா வைக்கப்படாது. ஒரு பங்குக்கு மூண்டு பங்கு தேங்காயெண்ணெய் சேருங்க. விரல் நுனியால தலைத்தோலில தொட்டு வையுங்க. முடியில அப்பினா ஒட்டிப்போகும்."

"ஓம், ஓம்," என்றார் உம்மா.

முதலில் சொன்னபடியே வைத்தார். ஒரு கிழமையிலேயே அரிப்பு அடங்கியது. புண்கள் காய்ந்தன. தலையைத் தொட்டால் நெருப்பாக எரிந்தது போய், பனிக்குளிர் மாதிரி ஒரு சுகம் வந்தது. நுனி முறிவதும் நின்றது. சிறுமியாக இருந்த காலத்துக்குப் பிறகு அந்த நாட்களில்தான் நான் ஒழுங்காகத் தூங்கினேன். தங்கேஸ்வரியின் கைக்கு அல்லாஹ் பரக்கத் கொடுக்கட்டும் என்று இன்றும் சொல்வேன்.

ஆனால் என் உம்மாவுக்குக் கொஞ்சத்தில் மனம் நிறையாது. நெய்ச்சோற்றுக்கு நெய் ஊற்றுவதும் அதே கைதான். கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்கையில் போத்தலில் மிச்சமிருந்த எண்ணெயைத் தேங்காயெண்ணெய் கலக்காமல் அப்படியே என் தலையில் கவிழ்த்தார்.

"எண்ணெயிட பாரத்தில முடி நேராத் தொங்கும் புள்ள. நீ பேசாம இரி," என்றார்.

இரவு முழுவதும் அதைச் சுருட்டிக் கட்டிவைத்தோம். காலையில் சுடுதண்ணீரை ஊற்றி, சவுக்காரம் போட்டு, துணி கசக்குகிற மாதிரி இரண்டு கையாலும் கசக்கினார். எங்கள் கிணறு உவர்க்கிணறு, சவுக்காரம் நுரைக்காது. நுரைக்கவில்லை என்று இன்னும் கசக்கினார். கொஞ்ச நேரத்தில் அவர் கை நின்றுவிட்டது. பின்கழுத்தில் என் முடி முழுவதும் ஒரே கட்டியாகத் திரண்டிருந்தது. தேங்காய் மட்டைத் தும்பை ஊறவைத்து இறுக்கி உருட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. விரல் உள்ளே போகவில்லை. சீப்பை வைத்து இழுத்தார், சீப்பின் பல் உடைந்தது. நான் வலியில் கத்தினேன். உம்மா நிலத்தில் குந்தியிருந்து அழுதார்.

"வெட்டத்தான் வேணும் மகள்," என்றார் கடைசியில்.

வெட்டினால் காதுக்கு மேலே வெட்டவேண்டும். நாளை மறுநாள் மாமியும் அவருடைய ஆட்களும் வந்து முக்காட்டை எடுக்கும்போது மொட்டைத்தலைப் பெண் உட்கார்ந்திருப்பாள். பேய் பிடித்தவள், சீக்குக்காரி என்று சொல்லிக் கலியாணத்தை நிறுத்தினாலும் கேட்க ஆளில்லை. நிறுத்தாவிட்டாலும் எனக்கு ஒரு பெயர் விழும், சாகும்வரை அதைச் சுமக்கவேண்டும். கத்தரிக்கோலை எடுத்து வருகிறேன் என்று உம்மா எழும்பிய நேரத்தில் வாசலில் ஸலாம் சொல்லிக் கேட்டது.

முனவ்வறா மதினி. கலியாணச் சட்டையை அளவு பார்க்க மருதமுனையிலிருந்து கொண்டுவந்திருந்தார். அவரை நான் ஒரே ஒரு தடவைதான் கண்டிருந்தேன். நெசவுக்காரி. வீட்டிலேயே தறி வைத்திருப்பவர். முப்பது வயதைத் தாண்டிய, உயரமான, சிரிப்பைக் கண்ணில் மட்டும் வைத்திருக்கிற பெண். மாமியின் மகள் என்பதுதான் அப்போது எனக்கு முக்கியம்.

"அவவுக்குக் காய்ச்சல்," என்று உம்மா வாசலில் பொய் சொன்னது எனக்குக் கேட்டது.

"காய்ச்சல்காரியப் பார்க்காம எப்படிப் போற?" என்று சொல்லிக்கொண்டே அவர் அறைக்குள் வந்துவிட்டார். நான் போர்வையைத் தலைவரை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். நெற்றியைத் தொட்டுப் பார்க்கப் போர்வையை விலக்கினார். அவர் கை அப்படியே நின்றது. என்னைத் திருப்பி, பின்கழுத்தைப் பார்த்தார். அறையில் ஆமணக்கெண்ணெய் நாற்றம் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கத்தரிக்கோல் எங்க?" என்று கேட்டார்.

உம்மா அழுதபடி எடுத்துக் கொடுத்தார்.

"இத நான் தேடினாலும் கிடைக்காத இடத்தில கொண்டுபோய் ஒளிச்சு வையுங்க," என்றார் மதினி. "தேங்காயெண்ணெயக் கொஞ்சம் வெதுவெதுப்பா ஆக்கி எடுங்க. சாக்குத் தைக்கிற ஊசி இருந்தா அதையும் தாங்க. கதவச் சாத்துங்க."

பாயில் என்னைத் தன் முழங்காலோடு சாய்த்து உட்காரவைத்தார். தேங்காயெண்ணெயைக் கட்டியின் மேல் வார்த்து, அது உள்ளே இறங்கும்வரை காத்திருந்தார். பிறகு கட்டியின் ஓரத்தில், நுனியில், ஊசியின் மழுங்கிய பக்கத்தை நுழைத்து ஒரு முடி, இன்னும் ஒரு முடி என்று பிரிக்கத் தொடங்கினார். அவருடைய இடது கை கட்டிக்கு மேலே முடியை எப்போதும் பிடித்தபடி இருந்தது. அதனால் இழுப்பு என் தலைத்தோலுக்கு வரவே இல்லை. வலிக்காமல் ஒருவர் என் தலையில் சிக்கெடுத்தது அதுதான் முதல்தடவை. அது விளங்கியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நோகுதா?" என்றார்.

"இல்ல மதினி."

"அப்ப ஏன் அழுற? தறியில நூல் சிக்கினா நாங்க அறுக்கிறல்ல. அறுத்தா முடிச்சு விழும், சேலையில தெரியும். இரிந்து எடுத்தா எல்லாம் வரும்."

பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும்வரை எடுத்தார். பாதிதான் வந்தது. போகும்போது, சட்டை அளவு பிழையாகிவிட்டது, நாளைக்கும் வரவேண்டும் என்று தன் உம்மாவிடம் சொல்லப்போவதாகச் சொன்னார். மறுநாள் விடிந்ததும் வந்துவிட்டார். அன்று வேலை நடுவில் நான் கேட்டேன், எங்கள் மானத்தை ஏன் இப்படிக் காக்கிறீர்கள் என்று. அவர் தன் முக்காட்டைக் கழற்றினார். கொண்டையை அவிழ்த்தார். என்னுடையதைவிடச் சுருட்டை. தறிக்குச் சுற்றுகிற நூலெல்லாம் ஒன்றாகக் கலைந்த மாதிரி முதுகெல்லாம் நிறைந்தது.

"எனக்கும் கலியாணத்துக்கு முந்தி இப்படித்தான் சிக்கின. உம்மா வெட்டிட்டா. முக்காட்டோடயே என்னை இருத்தி வைச்சாங்க, உள்ளுக்கு ஒண்டும் இல்ல. எனக்கு அண்டைக்கு இரிந்து எடுக்க ஒருத்தரும் இருக்கல்ல. அவ்வளவுதான்."

பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் கடைசிச் சிக்கும் வந்துவிட்டது. கையில் அடங்குகிற அளவு முடிதான் போயிருந்தது. அதைக் கடுதாசியில் சுற்றிக் கொல்லையில் புதைத்தார். கடலைமாவைக் கரைத்து எண்ணெயைக் கழுவி, ஈரத்தோடு அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து வாரி, நாலாகப் பிரித்துப் பின்னிவிட்டார்.

கலியாணத்தன்று காலை மாமி தன் ஆட்களோடு வந்தார். முக்காட்டை எடுத்ததும் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மதினிதான் தலைவார உட்கார்ந்தார். என் முடியை வாழ்க்கையில் முதன்முதலாகக் காண்கிறவர் மாதிரிக் கையில் ஏந்திப் பார்த்தார்.

"நல்ல முடி உம்மா. ஒரு சிக்குக்கூட இல்ல," என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மணப்பெண் வெட்கப்படுகிறாள் என்று பெண்கள் சொன்னார்கள். மாமி என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எனக்குப் பெயர் ஒன்றும் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு மதினியும் நானும் ஒருவர் தலைக்கு ஒருவர் பொறுப்பு. மாதம் ஒருதரமாவது மருதமுனைக்குப் போவேன். தறிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு, தங்கேஸ்வரியின் எண்ணெயைத் தேங்காயெண்ணெயோடு கலந்து, தலைத்தோலில் தொட்டுத் தொட்டு வைத்துக்கொள்வோம். மதினிக்குச் சமைக்க வராது, மீன் ஆணத்தில் புளி விட மறந்துவிடுவார். கோழி நூலைக் கொத்த வந்தால் தறியிலிருந்து கையில் அகப்பட்டதை எறிவார், கோழிக்கு ஒருநாளும் பட்டதில்லை. எனக்கு மகள் பிறந்து, அவள் தலையிலும் சுருள் விழுந்ததைப் பார்த்து மாமி, "பாவம், பொம்புளப்புள்ள," என்றபோது மதினி, "பாவம் என்ன, நாங்க ரெண்டு பேரும் இரிக்கம்தானே," என்றார். அந்த இரண்டு நாள் கதையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே நினைவூட்டியதில்லை.

1959 மாரியில் மதினி மவுத்தானார். நெஞ்சில் சளிக் காய்ச்சல், ஒரு கிழமைகூட இருக்கவில்லை. மய்யித்தைக் குளிப்பாட்டும்போது முடியை அவிழ்த்து, கழுவி, மெல்ல வாரி, மூன்று பின்னலாகப் பின்னிப் பின்னால் விடவேண்டும். அதை நான் செய்கிறேன் என்று சொல்லி அகலப்பல் சீப்பை எடுத்தேன். நோயில் கிடந்ததில் முடி சிக்கியிருந்தது. மேலே இடது கையால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து தொடங்கினேன்.

மூலையில் உட்கார்ந்திருந்த மாமி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நுனியில இருந்து வார உனக்கு யார் சொல்லித் தந்த?" என்றார்.

சொன்னேன். ஆமணக்கெண்ணெய், கட்டி, சாக்கூசி, பிழையாகாத சட்டை அளவு, எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு வரவிருந்த வெட்கத்தைத் தன் மடியில் வைத்துப் பிரித்துப்போட்டவர் இவர் என்று சொன்னேன். மாமியின் வாயிலிருந்து ஏதாவது வரும் என்று மற்றப் பெண்கள் காத்திருந்தார்கள்.

"இவட முடிய நான்தான் வெட்டின," என்றார் மாமி. "வெட்டாதீங்க உம்மா எண்டு என்ட கையப் பிடிச்சவள். வளரும்தானே எண்டு வெட்டிப்போட்டன்."

எழும்பி வந்து மய்யித்தின் தலைமாட்டில் என் பக்கத்தில் குந்தினார். இன்னும் வாராத ஒரு பக்கத்தைத் தனக்குத் தரச் சொன்னார். கொடுத்தேன். சிக்குக்கு மேலே முடியை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார், நான் பிடித்திருந்த மாதிரியே. மகளுக்கு நோகாமல் நுனியிலிருந்து எடுக்கத் தொடங்கினார்.