தோளில் வாளி, கெர்ஜா சிஃபார்

ஒட்டுப்பால் நாற்றம் தெரியுமா உங்களுக்கு? மரத்தில் வடிந்து உறைந்துபோன ரப்பர் பால் அது. மூக்கில் ஏறினால் சோறு இறங்காது. ஞாயிற்றுக்கிழமை லெட்சுமி வீட்டுக்குப் போனால் அதுதான் என்னை முதலில் வரவேற்கும். கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். திரும்பி வந்ததும் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தி, நேராகக் குளிக்க அனுப்புவார்.

எங்கள் வீடு குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலைக்குக் கீழே. லெட்சுமி ஈப்போவுக்கு வெளியே, பாதி விற்றுப்போன ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தாள். அவளுடைய அம்மா அங்கே பால்மரம் வெட்டுகிறவர். ஒரே செகண்டரி ஸ்கூல், பத்தாம் வகுப்பு மாதிரியான நாலாம் பாரம், ஒரே மேசை. கெமிஸ்ட்ரியில் அவள் புலி. பிசிக்ஸ்தான் அவளைப் படுத்தி எடுத்தது.

அரையாண்டுச் சோதனையில் பிசிக்ஸில் தவறினால் ஆர்ட்ஸ் வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள். பார்மசிஸ்ட் ஆகவேண்டும் என்ற அவளுடைய ஆசை அதோடு சரி. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைகள்.

தமிழ்ப்பள்ளியில் 'விசை' என்று படித்தது இங்கே மலாயில் 'டயா' ஆகிவிட்டது, காதில் 'தயா' மாதிரி விழும். நிகர விசைக்கு 'டயா பெர்சே'. பெர்சே என்றால் சுத்தம் என்றும் அர்த்தம். ஒரு பெட்டியை இரண்டு பக்கமும் சமமாக இழுக்கிற கணக்கு... விடை, டயா பெர்சே சிஃபார். நிகர விசை பூஜ்யம். லெட்சுமி பேனாவைக் கீழே போட்டாள்.

“சுத்தமா தயவே இல்லன்னு சொல்றானுங்க லா!”

வயிறு வலிக்கச் சிரித்தோம். அதற்குப் பிறகு விசைக் கணக்கு எதுவும் அவளுக்குத் தப்பவில்லை.

சிக்கல் வந்தது 'கெர்ஜா'வில்.

கெர்ஜா என்றால் வேலை. வேலைக்குப் போவதும் கெர்ஜாதான், பிசிக்ஸில் வருவதும் கெர்ஜாதான். பிசிக்ஸில் அது விசையையும், அந்த விசையின் திசையில் நகர்ந்த தூரத்தையும் பெருக்கி வருவது. புத்தகத்தில் ஒரு கேள்வி... ஒரு பெண் வாளியைத் தூக்கிக்கொண்டு சமதரையில் ஒரே வேகத்தில் நடக்கிறாள். வாளியின் மேல் அவள் செய்த கெர்ஜா எவ்வளவு?

லெட்சுமி எடையையும் தூரத்தையும் பெருக்கி ஒரு பெரிய விடை எழுதினாள். வகுப்பில் டீச்சர் தப்பு போட்டிருந்தார். மறுபடியும் அதையே எழுதினாள்.

“அவ தூக்குற விசை மேல போவுது. நடக்குறது பக்கமா. திசை சேரல. அதனால சிஃபார்,” என்றேன்.

“தூக்குனது?”

“தூக்கி நிமிர்ற வரைக்கும் கெர்ஜா. அதுக்கப்புறம் எவ்ளோ தூரம் நடந்தாலும் சிஃபார்தான்.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“அப்பன்னா எங்கம்மா காண்டா கம்புல ரெண்டு பக்கமும் பால் வாளியத் தொங்கவிட்டு, தோள்ல வச்சி நடக்குறது என்னா? மாயின் மாயினா?”

மாயின் மாயின் என்றால் விளையாட்டு. அவளுடைய அம்மா உள்ளே தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை ஒட்டுப்பாலையும் மீறி வந்தது.

“என்னா புள்ளைங்களா, சண்டையா?”

“ஒன்னும் இல்லம்மா. பிசிக்ஸ்தான்,” என்றாள் லெட்சுமி. புத்தகத்தை மூடிவிட்டாள். அதற்கு மேல் அன்றைக்குப் படிக்கவில்லை.

சோதனையில் அதே மாதிரிக் கேள்வி வந்தது. வாளிக்குப் பதில் அரிசி மூட்டை. இவள் வீம்புக்கு ஏதாவது எழுதித் தொலைத்துவிடப் போகிறாளே என்று எனக்கு என் தாளே ஓடவில்லை.

தாள் திரும்ப வந்த அன்று எட்டிப் பார்த்தேன். 'சிஃபார்' என்றுதான் எழுதியிருந்தாள். அதன் கீழே பொடி எழுத்தில், மலாயில், 'ஆனால் களைப்பு'.

மேல் வரிக்கு டீச்சர் சரி போட்டிருந்தார். கீழ் வரியில் எதுவும் இல்லை. அடிக்கவும் இல்லை.

லெட்சுமி தேறிவிட்டாள். நான் குதித்தேன். அவள் தாளை மடித்துப் பையின் அடியில் வைத்தாள். “அம்மாட்ட இந்தக் கேள்வியப் பத்தி வாயத் தொறக்காத,” என்றாள். நானும் திறக்கவில்லை.

போன வாரம் என் மகள் பிசிக்ஸ் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். அவளும் இப்போது நாலாம் பாரம். வாளி இல்லை, பேக்பேக் சுமந்துகொண்டு ஏர்போர்ட்டில் நடக்கிற பயணி. விடையை ஒரு நொடியில் தட்டினாள்.

“சிஃபார் லா, அம்மா. செலவான சக்தி ஒடம்புக்குள்ளயே போயிருது, பேக்குக்குப் போவல. ஈசி.”

அதே விடை. இவளுக்கு எங்கேயும் இடிக்கவில்லை. எனக்குத்தான் என்னவோ செய்தது. உடனே லெட்சுமிக்கு வீடியோ கால் போட்டேன். காம்பாரில் சொந்தமாக மருந்துக்கடை வைத்திருக்கிறாள். அவளுடைய அம்மாவும் அவளோடுதான். விஷயத்தைச் சொன்னதும் லெட்சுமி போனை மேசைமேல் சாய்த்து வைத்தாள். பிறகு பக்கத்தில் இருந்த அம்மாவிடம் திரும்பி, இத்தனை வருஷம் மறைத்ததை ஒருவழியாகச் சொன்னாள்.

“நீ வாளி தூக்கி நடந்ததெல்லாம் சைபர்னு எழுதித்தாம்மா நான் பாஸ் பண்ணேன்.”

அவர் கோபப்படுவார், இல்லையென்றால் அழுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். பல் செட் ஆடும்படி சிரித்தார்.

“சைபரா? எங்களுக்குக் கணக்கெழுதிச் சம்பளம் போட்டானே அந்தத் தோட்டத்துக் கிராணி... அவனும் இதே பாடத்தத்தான் படிச்சிருப்பான் போல!”

நாங்கள் மூவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். லெட்சுமி துடைத்தது சிரிப்பினால் மட்டும் இல்லை என்று தெரிந்தது.

போனை வைத்ததும் மகள் கேட்டாள்.

“கிராணின்னா யாரும்மா?”

அந்தச் சொல் தெரியாமலே வளர்ந்திருக்கிறாள். நல்லதுதான், அதில் எனக்குச் சந்தோஷம்தான்... ஆனால் பதிலை லெட்சுமியின் அம்மாவே சொல்லட்டும் என்று மறுபடியும் போனை எடுத்தேன்.