சீனத்து மின்வண்டியும் ‘எடுத்தாச்சு’ என்ற சொல்லும்

15.6.2025, ஞாயிற்றுக்கிழமை, காலை 7.40 மணி
நூம்பல், சென்னை

சீனக் கம்பெனியின் மின்சார எஸ்யூவியை வாங்குவதா, வேண்டாமா? (மூன்றாவது பதிவு)

நண்பர்களுக்கு வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். சென்ற பதிவில் ஷோரூமுக்குத் திங்களன்று போனதாக எழுதியிருந்தேன். போனது 3.6.2025, செவ்வாய். (எவரும் கேட்கவில்லை. எனக்குத்தான் உறுத்தியது!)

புதிதாகப் படிப்பவர்களுக்கு: என் மனைவி கமலாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். எங்கள் பழைய கார் தரையோடு தரையாக இருக்கும். அதில் அவள் உட்காருவதில்லை, விழுகிறாள். இறங்கும்போது நான் இரு கைகளையும் பற்றி இழுக்க வேண்டும். எனக்கு வயது எழுபத்து நான்கு. (இழுப்பவரை இழுக்க யார் வருவார்?)

மருத்துவமனையைத் தவிர அவள் எங்கும் வருவதில்லை என்றாகிவிட்டது. கூப்பிடு தூரத்தில் மாங்காடு. அம்மனைப் பார்த்து மாதக்கணக்காகிறது.

ஆகவே இருக்கை உயரமான வண்டி வேண்டும். நான் பார்த்தவற்றுள் உயரம் சரியாக அமைந்தது இந்த ஒன்றில்தான். ஆனால் கம்பெனியோ இப்போதுதான் நம் நாட்டுக்குள் வந்திருக்கிறது. பெயரே இன்னும் வாயில் நுழையவில்லை.

எங்கள் கீழ்வீட்டு ஷாகுல் பாய் பூந்தமல்லியில் கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். அவரிடம் கேட்டேன்.

“வண்டி சோக்கா கீது சார். இல்லன்னு சொல்லல. நாளைக்கி ஒரு லைட்டு ஒடஞ்சா இன்னா பண்ணுவ? எங்கிட்ட வந்தா கைய விரிச்சிருவேன். கப்பல்ல வரணும்!”

“பேட்டரிக்கு எட்டு வருஷம் வாரண்டி தர்றாங்க பாய். அந்தக் கம்பெனி இங்க எட்டு வருஷம் இருக்குமா?”

“கம்பெனிய உடு சார். நாம இருப்போமா, அத்த மொதல்ல பாரு!”

(இதற்குப் பெயர் ஆலோசனை!)

13.6.2025, வெள்ளிக்கிழமை, மூன்றாம் முறையாக ஷோரூம் சென்றேன். கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். விற்பனையாளர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சார் மிலிட்டரியா?”

“இல்ல. அம்பத்தூர் எஸ்டேட்ல தரக்கட்டுப்பாடு.”

“அதான பாத்தேன்!”

“சர்வீஸ் சென்டர் எத்தனை இருக்கு?”

“இப்போதைக்கு சென்னைக்கே ஒண்ணுதான் சார். இந்தப் பக்கம் ஒண்ணு வருது.”

“எப்போ?”

“சீக்கிரம் சார்.”

“சீக்கிரம்ங்கறது தேதி இல்லையே தம்பி.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. அலைந்தது போதும், இந்த வண்டி வேண்டாம் என்று முடிவு செய்து வெளியே வந்தேன். பழைய காரை ஷோரூம் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியபோது கமலா போனில் அழைத்தாள்.

“ஏங்க, வண்டி எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு. வந்துகிட்டே இருக்கேன்.”

கிளம்பிவிட்டேன் என்ற பொருளில் சொன்னேன். எந்தத் தமிழரும் அப்படித்தான் சொல்வார்!

ஆனால் எந்தத் தமிழரும் புது வண்டி வாங்கியதையும் அப்படித்தான் சொல்வார். அதை நான் யோசிக்கவில்லை.

வேலப்பன்சாவடி நெரிசலில் ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தால், கேட்டுக்கு முன்னால் கமலா நிற்கிறாள்! கையில் ஆரத்தித் தட்டு. பக்கத்தில் ஷாகுல் பாய், நான்கு எலுமிச்சம்பழங்களோடு.

“இன்னா சார், சொல்லாம கொள்ளாம எடுத்துட்ட! வெள்ளிக்கெழம வேற. எங்க, பின்னால ஓட்டிகினு வர்றாங்களா?”

(கேட்டவுடன் கையில் கொடுத்தனுப்ப அதென்ன தேங்காயா?)

விளக்கினேன். பாய் எலுமிச்சம்பழங்களை மெல்லச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, “கடைல ஆளு இல்ல சார்” என்று நழுவினார்.

எனக்கு உறைத்தது வேறு. எங்கள் வீடு முதல் மாடி. லிஃப்ட் கிடையாது. அழைத்தாலும் இறங்காதவள், அந்த ஒரு சொல்லை நம்பித் தட்டோடு தானே இறங்கி வந்திருக்கிறாள்.

“மாங்காடு போயிட்டு வந்துரலாம்னு பாத்தேன்” என்றாள். கோபமே இல்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சற்றுப் பொறுத்து, “அந்த வண்டி எப்படிங்க இருக்கும்?” என்று கேட்டாள்.

அப்போதுதான் மண்டையில் ஏறியது. மூன்று முறையும் நான் மட்டுமே போய், நான் மட்டுமே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். என் முழங்கால்கள் நன்றாகவே இருக்கின்றன!

ஆரத்தித் தட்டை எங்கள் குடியிருப்பின் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, அவளைப் பழைய காரிலேயே ஏற்றிக்கொண்டு ஷோரூமுக்குத் திரும்பினேன். வாசலில் வழக்கம்போல் இழுத்து இறக்கினேன். விற்பனையாளர் என்னைக் கண்டதும் ஓரடி பின்வாங்கினார்.

கமலா புது வண்டிக்குள் ஏறினாள். பக்கவாட்டில் நகர்ந்தாள், அவ்வளவுதான். உள்ளே எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள்.

“தம்பி, இதுல பட்டனே இல்லையே. ஏசிய எப்படிப்பா கொறைக்கிறது?”

“எல்லாமே இந்த ஸ்க்ரீன்லதாம்மா.”

“அது நின்னு போச்சுன்னா?”

அவர் என்னைப் பார்த்தார். (இது என் தாளில் இல்லாத கேள்வி!)

பிறகு அவள் இறங்கினாள். நான் கை நீட்டியபடி நின்றேன். அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

முன்பதிவு செய்துவிட்டேன். சந்தேகம் எதுவும் தீரவில்லை. விளக்கு உடைந்தால் என்ன செய்வேன் என்று இப்போதும் தெரியாது. சந்தேகத்தோடேயே ஒரு பொருளை வாங்குவது என் வாழ்நாளில் இதுவே முதல் முறை. அயர்ச்சியாக இருக்கிறது.

இந்த வண்டியை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். உங்களுக்கு நேர்ந்ததை மட்டும், தேதியோடு. சீனாவைப் பற்றிய பொதுக் கருத்துகள் வேண்டாம்.

இப்பதிவுடன் இணைத்திருப்பவை:

அ. ஷோரூமுக்கு நான் கொடுத்த கேள்வித்தாள், பதில்களுடன். (காலியாக உள்ள இடங்கள் அவர்கள் விட்டவை.)

ஆ. முன் இருக்கையின் படம்.

இ. கமலா அதிலிருந்து இறங்கும் படம். முகம் வேண்டாம் என்றாள், ஆகவே கால்கள் மட்டும். படத்தில் வேறு எவர் கையும் இல்லை என்பதைக் கவனிக்கவும்.