நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி

எங்கள் வீட்டில் தங்கியிருந்த அம்மாவின் தம்பி துறைமுகத்து கான்ட்ராக்டர் ஒருவரிடம் டிரைவராகச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஜீப்பைக் காலடிப்பேட்டையில் எங்கள் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினார். மறுநாள் காலை சர்வீசுக்கு விடச் சொல்லிக் கொடுத்த வண்டி. எட்டு வயதுக்காரி எனக்குத் தலைகால் புரியவில்லை.

மற்ற வண்டிகளில் இரண்டு சக்கரம்தான் இழுக்குமாம். இதில் கியருக்குப் பக்கத்திலிருக்கும் குட்டிக் கம்பியைத் தள்ளினால் நாலும் இழுக்குமாம். அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு கடலுக்குக் கிளம்பிய மாமா அதைத் தெருமுனையிலேயே தள்ளிவிட்டார். தார் ரோட்டில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஜீப் முரண்டு பிடித்தது. கேட்டால், அதுதான் பவர் என்றார். அம்மா முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

எண்ணூர் முகத்துவாரத்தில் நேராக ஈரமணலில் இறக்கினார். ஐயோ, என்ன குலுக்கல், என்ன குதி! அலை கண்ணாடியில் வந்து அறைந்தது. கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அப்புறம் வண்டி நின்றுபோனது. மாமா ஆக்சிலேட்டரை ஓங்கி மிதிக்க, நாலு சக்கரமும் மணலை வாரி இறைத்துவிட்டு நாலுமே புதைந்தன. கடல் ஏறிக்கொண்டிருந்தது.

வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா ஓடிவந்து கதவைத் தட்டினாள்.

"இன்னா நைனா, கெணறு வெட்டிக்கினு கீறியா? மொதல்ல கால எடு! டயர்ல பாதி காத்தப் புடுங்கு, அப்பத்தான் மணல்ல பொதையாது!"

அதற்குள் படகு தள்ளும் ஆட்கள் பத்துப் பேர் வந்துவிட்டார்கள். படகுக்கு அடியில் போடும் பலகைகளைச் சக்கரத்துக்கு முன்னால் செருகினார்கள். ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ போட்டுத் தள்ளினார்கள். "மெதுவா வா மாமு, ஸ்டியரிங்க ஒடிக்காத!" என்று முன்னால் நின்றவர் மாமாவைப் பார்த்துக் கத்தினார். நானும் இறங்கித் தள்ளினேன். ஜீப் மேலேறியது என் பலத்தால்தான் என்று நம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமா தண்ணி லாரியில் பிடித்துவைத்த தண்ணீரைக் குடம் குடமாக வண்டியின் அடியில் ஊற்றினார். காலையிலும் மறுபடி ஊற்றினார். கடலுக்குப் போனது தெரிந்தால் வேலை போய்விடும் என்று அம்மாவிடம் முணுமுணுத்தார். மணலையெல்லாம் கழுவியவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்க மறந்துவிட்டார்.

நேரமாகியும் வண்டி சர்வீசுக்கு வரவில்லையே என்று கான்ட்ராக்டரே வாசலுக்கு வந்தார். நான்தான் முதலில் ஓடினேன். "சார், ஜீப்பு கடலுக்குள்ள போச்சு! நாலு வீலும் பொதைஞ்சிகிச்சு! நான்தான் தள்ளுனேன்!"

அவர் சிரித்தபடி என் கன்னத்தைத் தட்டினார். பிறகு மாமாவிடம் சாவிக்குக் கை நீட்டினார்.

அந்த வாரம் முழுக்க மாமா பகலிலும் வீட்டிலேயே இருந்தார். என்னோடு கேரம் ஆடவே லீவு போட்டிருக்கிறார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.