இரண்டு சீட்டும் தப்பு

சிறந்த துணை நடிகை யார் என்ற போட்டியில் என் மதினியை நான் நான்கு வருடம் தொடர்ந்து ஏமாற்றியிருக்கிறேன். பெருமையாகச் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டியதை இங்கே சொல்கிறேன், அவ்வளவுதான்.

கணவரை விட்டுப் பிரிந்து திண்டுக்கல்லுக்கு, அண்ணன் வீட்டுக்கு வந்த வருடம் நான் யாரிடமும் பேசுவதில்லை. சாப்பாடும் பேருக்குத்தான். அப்போது மதினி ஆரம்பித்ததுதான் இந்தப் போட்டி. டிவியில் சினிமா விருது விழா போடும் ஞாயிற்றுக்கிழமை, ஆளுக்கொரு சீட்டில் பெயர் எழுதி மாதா சுரூபத்துக்குக் கீழே வைத்துவிட வேண்டும். தோற்றவர் அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து சீரகச் சம்பா பிரியாணி செய்ய வேண்டும். கதாநாயகி விருதெல்லாம் எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

"அவளுக்கு முழுப் படமும் இருக்கு. கெடச்ச அஞ்சு நிமிசத்துல நடிக்கிறவளப் பாரு" என்பார் மதினி.

விழா சென்னையில் நடந்து முடிந்து சில வாரம் கழித்துத்தான் டிவியில் வரும். முடிவு அன்றைக்கே போனில் வந்துவிடும். நான் அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன். மதினிக்கு ஒரு பொய்கூடச் சொல்ல வராது, அவரை ஏமாற்றுவது அத்தனை சுலபம். மாதாவின் காலடியிலேயே பித்தலாட்டம் செய்து நான்கு வருடமும் ஜெயித்தேன். மதினி முகம் சுளிக்காமல் வெங்காயம் உரித்தார்.

இந்த வருடம் மனசு கேட்கவில்லை. காரணம், ஒரு படத்தில் கதாநாயகியின் அக்காவாக வந்த நடிகை. தோசை மாவைக் கரைத்துக்கொண்டே தங்கையிடம் சண்டை போடும் ஒரே ஒரு காட்சி. அதற்காகவே மதினி அந்தப் படத்தை இரண்டு தடவை தியேட்டரில் பார்த்தார். "ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. ஆனா நம்மள அழ வச்சுட்டா" என்று ஆத்தூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத பெண்ணிடம்கூடச் சொன்னார்.

போனில் பார்த்தேன். விருது அந்த அக்காவுக்குத்தான். ஒரு தடவையாவது மதினி ஜெயிக்கட்டும் என்று, வேண்டுமென்றே வேறொரு நடிகையின் பெயரை எழுதி வைத்தேன்.

ஞாயிறு மாலை டிவியில் அந்த அக்கா நடிகை மேடையேறினார். மதினி கைதட்டி, கண்ணையும் துடைத்துக்கொண்டார். அண்ணன் சீட்டுகளைப் பிரித்தார்.

"என்ன இது, ரெண்டுமே தப்பு?"

மதினியின் சீட்டில் இருந்தது, படம் முழுக்க மூக்கைச் சிந்திய ஓர் அம்மா நடிகையின் பெயர். வருடம் முழுக்க மதினி திட்டித் தீர்த்த ஆள்.

"மதினி, நீங்க ஏன் அக்காவ எழுதல?"

அண்ணன் உள்ளே போகும்வரை மதினி சீட்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"என் போன்லயும் எல்லாம் வருதுத்தா. இங்க வந்த வருசம் நீ ஜெயிச்ச அன்னைக்குத்தான் மொதமொத சிரிச்ச. பிரியாணிய ரெண்டாந்தடவ கேட்டு வாங்கிச் சாப்ட்ட. அதுக்கப்புறம் நான் எப்படிச் சரியா எழுதுவேன்?"

எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பிரியாணி நான்தான் செய்தேன். அரிசி குழைந்துவிட்டது, உப்பும் தூக்கல். மதினி "நல்லாருக்குத்தா" என்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இவருக்குப் பொய் சொல்ல வராது என்று நான்கு வருடம் நம்பியிருக்கிறேன்.