இருபது நம்பர் கம்பி

பக்கத்துக் கடைக்காரர்கள் என் மனைவிக்கு வைத்திருக்கும் பெயர் 'அரை மில்லி'. காது, மூக்கு, புருவம், தொப்புள் என்று கேட்ட இடத்தில் துளை போட்டு, அதற்குப் பொருந்தும் நகையை அளவெடுத்து மாட்டிவிடுவது அவள் தொழில். அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் நகை திரும்பப் பெட்டிக்குள் போய்விடும். "போதும்மா, யார் பாக்கப் போறாங்க?" என்று யாராவது கெஞ்சினால், "உங்க தோல் பாக்கும்" என்பாள். இப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்டவன் பாட்டைக் கேட்காதீர்கள். சுவரில் கடிகாரம் ஒரு நூல் சாய்ந்திருந்தால்கூட வீட்டில் எனக்குச் சோறு இறங்க விடமாட்டாள்.

நான் தையற்காரன். ஒரே கடையை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கியிருக்கிறோம். இந்தப் பக்கம் நானும் என் அக்காவும் இரண்டு மெஷின்களும். அந்தப் பக்கம் அவளும், அவளுடைய கையுறைகளும், கிருமி சாக ஊசிகளை அவிக்கும் பெட்டியும். அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அக்காதான். ஆனால் அக்காவுக்கும் என் மனைவிக்கும் ஏழாம் பொருத்தம். "துணி தைச்சா மானத்தை மறைக்கலாம். ஓட்டை போட்டு என்னத்தக் கண்டா?" என்று அக்கா பலகையைப் பார்த்துச் சொல்வாள். பலகைக்கு அந்தப் பக்கம் இடுக்கி தட்டில் 'டங்'கென்று விழும். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நான்.

கல்யாணமான புதிதில் அந்தத் தொழில் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கம்பியின் தடிமனைக் கேஜ் என்று ஓர் எண்ணால் சொல்கிறார்கள். அந்த எண் ஏற ஏறக் கம்பி மெலிகிறதாம்! இதென்ன கூத்து? நாற்பதாம் அளவுச் சட்டை முப்பத்தெட்டைவிடப் பெரிது என்றுதானே ஊர் உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது? விடாமல் நச்சரித்தேன். "கம்பியைச் சின்னத் துளை வழியா இழுத்து இழுத்துத்தானே மெலிசாக்குவாங்க? அதிகம் இழுத்தா பெரிய நம்பர்னு வெச்சுக்குங்களேன்" என்றாள். நீளத்திலும் இதே வம்புதான். இரண்டு முனையிலும் குண்டு உள்ள கம்பி என்றால் குண்டைச் சேர்க்கக் கூடாது. சதைக்குள் நிற்கும் பகுதி மட்டும்தான் கணக்கு. வளையம் என்றால் உள்பக்கக் குறுக்களவு. புதுத் துளை வீங்கும் என்பதால் முதலில் நீளக் கம்பி, ஆறியதும் குட்டைக் கம்பி. எனக்குக் கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. அக்கா மட்டும் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் அக்காவுக்குத் தலைவலி வந்தது. நூல் கோக்கும்போது ஊசிக்கண் இரண்டாகத் தெரிகிறது என்றாள். டாக்டர் தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அந்த மெஷின் காந்தம், உடம்பில் பொட்டு உலோகம் இருக்கக் கூடாது என்றார். அக்கா மூக்குத்தியைக் கழற்ற மாட்டேன் என்றாள். "முன்ன ஒரு தடவ ஆஸ்பத்திரில கழட்டி ஓட்டையே மூடிருச்சு. மறுபடி குத்தி நான் பட்ட பாடு போதும்." கெஞ்சினேன், கத்தினேன், சாப்பிடாமல் படுத்தேன். அசையவில்லை. நாளுக்கு நாள் தையல் கோணலாகிக்கொண்டே போனது.

என் மனைவி பலகையைச் சுற்றி வந்தாள். "அண்ணி, கண்ணாடியால செஞ்ச மூக்குத்தி இருக்கு. ஸ்கேன் முடியற வரைக்கும் அதைப் போட்டுக்கிட்டா ஓட்டை மூடாது. உங்களுக்குப் பதினெட்டு கேஜ் சரியா இருக்கும்."

அக்கா முகம் கொடுக்கவில்லை. மெஷினை மிதித்துக்கொண்டே, "பதினெட்டு வேணாம். இருபதாக் குடு. தளர்வா இருக்கட்டும். நானே வீட்டுல மாட்டிக்கிறேன்" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். தையற்காரி புத்தி! இரண்டு எண் கூட்டி வெட்டினால் தளர்ந்துவிடும் என்ற கணக்கு. என் மனைவி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி மெதுவாக, "அண்ணி தளர்வாக் கேக்கறாங்க. அப்ப இப்ப இருக்கறது இறுக்குதுங்க" என்றாள்.

அக்காவின் கால் மிதியில் நின்றுவிட்டது.

"அண்ணி, இருபதுன்னா இன்னும் மெலிசு. இறுக்கம் நம்பர்ல இல்ல, நீளத்துல இருக்கு. நான் பாக்கட்டுமா?"

அக்கா மறுப்பாள் என்று நினைத்தேன். முகத்தை நிமிர்த்திக் கொடுத்தாள். என் மனைவி டார்ச் அடித்து மூக்கின் உட்புறத்தைப் பார்த்தாள். மூக்குத்தி கழன்றுவிடாமல் உள்ளே பிடித்திருக்கும் தட்டு தெரியவில்லை. சதை அதை விழுங்கியிருந்தது.

"ஒட்டினாப்ல இருக்கணும்னு ஆசாரிகிட்ட நான்தான் கம்பியக் குட்டையா வெட்டச் சொன்னேன்" என்றாள் அக்கா. "ஜலதோஷத்துல வீங்கினப்ப உள்ள போயிருச்சு. கழட்டவே வரல. அளவு எடுக்கற பொழப்பு பாத்துக்கிட்டு என் அளவையே தப்பா எடுத்துட்டேன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீ சிரிக்க மாட்டியா?" சொல்லும்போதே அழுதுவிட்டாள். என் அக்கா அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. சற்று முன் சிரித்தவன் நான்தான் என்பது எனக்கு அப்போது நன்றாகவே உறைத்தது.

"இதுல சிரிக்க என்ன இருக்கு அண்ணி? வாரத்துக்கு ஒருத்தர் இப்படி வர்றாங்க. ஆனா இதை நான் எடுக்கக் கூடாது. டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு எடுக்கட்டும். எடுத்த கையோட மாட்ட நான் கண்ணாடியோட நிக்கறேன்."

அப்படியே நடந்தது. டாக்டர் தட்டை எடுத்ததும் என் மனைவி மூக்குச் சுவரின் தடிமனை அளந்தாள். நான்கு மில்லி. வீக்கத்துக்கு இரண்டு கூட்டி, ஆறு மில்லிக் கண்ணாடி மூக்குத்தியை மாட்டினாள். அக்கா ஸ்கேனுக்குள் போனாள். மூளையை மூடும் சவ்வில் ஒரு கட்டி இருந்தது; இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் பார்வை போயிருக்கும் என்றார்கள்.

கட்டியை எடுத்துவிட்டார்கள், கண் தப்பியது. ஆனால் அதற்கு முன் நடந்ததுதான் என் மனதை விட்டுப் போகவில்லை. ஆபரேஷனுக்கு அக்காவைத் தள்ளுவண்டியில் கொண்டு போகும்போது, கதவு வரை ஒருவர் மட்டும் வரலாம் என்றார் நர்ஸ். தம்பி நான் இருக்கிறேனே என்று வண்டியைப் பிடித்தேன். அக்கா என் கையை விலக்கினாள்.

"நீ இருடா. அவ வரட்டும். எனக்கு வலிச்சா சொல்லாமலே அவளுக்குத்தான் தெரியுது."

என் மனைவி அழுதுகொண்டே வண்டியோடு ஓடினாள்.